ஊதாதவர்களின் கணக்கு

இந்தியாவில் புகையிலைப் பழக்கம் குறைகிறதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அமைச்சகமும் மருத்துவர்களும் செய்தித்தாள்களும் எடுத்து நீட்டுவது ஒரே ஜோடி எண்களைத்தான். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 2009-10-இல் 34.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். 2016-17-இல் அது 28.6 சதவீதமாக இறங்கியது. ‘கேட்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின் முடிவுகள் இவை. முதல் சுற்றை மும்பையின் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் இரண்டாவதை அதே நகரின் டாடா சமூக அறிவியல் நிறுவனமும் சுகாதார அமைச்சகத்துக்காக நடத்தின. இறக்கம் நல்ல சேதிதான். ஆனால் தலைகளை எண்ணினால் 27 கோடியே 49 லட்சம் பேர் 26 கோடியே 68 லட்சமானார்கள், அவ்வளவே. சதவீதத்தில் கிடைத்த லாபத்தின் பெரும்பகுதியை மக்கள்தொகைப் பெருக்கம் தின்றுவிட்டது. இந்த எண்களை விடவும் அதிகம் பேசப்பட வேண்டிய இன்னொரு அட்டவணை அதே அறிக்கையில் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. புகைக்காதவர்கள், தாங்கள் கேட்காமலே வந்து சேரும் புகையை எங்கே, எவ்வளவு சுவாசிக்கிறார்கள் என்பதைச் சொல்லும் அட்டவணை அது. புகையிலை பற்றிய கணக்கெடுப்பின் முதல் வரியாக இருக்க வேண்டியது அதுதான் என்பது என் கட்சி. இப்போதோ அது கடைசிப் பக்கச் செய்தியாக இருக்கிறது. அளக்கும் முறையிலும் அரைமனம் தெரிகிறது.

அட்டவணை சொல்வது இதுதான். வீட்டுக்குள் அடுத்தவர் விடும் புகைக்கு ஆளாகும் வயதுவந்தோர் 52.3 சதவீதத்திலிருந்து 38.7 ஆகக் குறைந்தார்கள். கூரைக்குக் கீழே வேலை செய்வோரில், வேலையிடத்தில் புகைக்கு ஆளானவர்கள் 29.9 சதவீதத்திலிருந்து 30.2 ஆனார்கள், அதாவது, அசையவே இல்லை. இவ்விரண்டையும் புகைப்பவர்களின் எண்ணிக்கையோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் முதலியவற்றைப் புகைப்போர் இதே காலத்தில் 14 சதவீதத்திலிருந்து 10.7 ஆனார்கள், கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவு. வீட்டுப் புகையும் ஏறக்குறைய அதே நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறது. அப்படியானால் வீட்டில் நடந்ததை விளக்கப் புதிய பண்பாடு எதையும் தேட வேண்டியதில்லை. ஊதுகிறவர்கள் குறைந்தார்கள், அதற்கேற்பப் புகையும் குறைந்தது என்றே கொள்ளலாம். வேலையிடம்தான் உறுத்துகிறது. ஊதுகிறவர்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்த பிறகும் அங்கே புகை குறையவில்லை. வீட்டுக்குள் சட்டம் நுழைவதில்லை. வேலையிடத்திலோ நுழைகிறது: 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் அலுவலகங்களையும் பணிக்கூடங்களையும் பொது இடங்களாகவே கருதி, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் என்கின்றன. சட்டம் இல்லாத இடத்தில் குறைந்தது, சட்டம் இருக்கும் இடத்தில் குறையவில்லை. முதல் சுற்றின் கள வேலை நடந்தது 2009-இன் நடுவிலிருந்து 2010 ஜனவரி வரை. அது தொடங்கியபோது விதிகளுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அதன் பின் ஏழாண்டு அமலாக்கத்துக்குக் கிடைத்த மதிப்பெண் இது என்று படிக்கலாம். எச்சரிக்கையான வாசகர் ஒருவர், இடைக்காலத்தில் வயலை விட்டுச் சிறு பட்டறைக்கும் கிடங்குக்கும் வந்து சேர்ந்தவர்கள் பெருகியிருக்கலாம், அதனால் கூரைக்குக் கீழ் வேலை செய்வோர் என்ற கூட்டத்தின் சேர்மானமே மாறியிருக்கலாம் என்பார். இருக்கலாம். அப்படியானாலும் புதிதாகக் கூரைக்குள் வந்தவர்களைச் சட்டம் எட்டவில்லை என்பதே அதன் பொருள். எத்தனை பேர் ஊதுகிறார்கள் என்று மட்டும் எண்ணியிருந்தால் இந்தத் தோல்வி கண்ணிலேயே பட்டிருக்காது.

இதை ஏன் வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்? சிகரெட் ஆலைகளின் வரிக் கணக்கு இருக்கிறதே என்பது நியாயமான கேள்வி. வரிக் கணக்கு குச்சிகளை எண்ணும், மனிதர்களை எண்ணாது. அதிலும் இந்தியாவில் சிகரெட்டைவிடப் பீடி குடிப்பவர்களே அதிகம்; 2016-17-இல் பீடிக்கு 7.7 சதவீதம், சிகரெட்டுக்கு 4 சதவீதம். பீடி, வீட்டுத் திண்ணைகளில் சுற்றப்பட்டுச் சிறு முதலாளிகள் வழியாகப் போகும் பொருள். அதன் உற்பத்தியில் எவ்வளவு வரிப் புத்தகத்துக்குள் வருகிறது என்பதே வழக்குக்குரியது. மெல்லும் புகையிலையின் கதை அதைவிடச் சிக்கல். அடுத்தவர் புகைக்கோ விற்பனைச் சீட்டே கிடையாது. அதைச் சுவாசித்தவரிடம் போய்க் கேட்பதைத் தவிர வேறு பதிவேடு இல்லை. ஆகவே பல கட்டங்களாகக் கிராமங்களையும் நகர வட்டாரங்களையும் பொறுக்கி, அவற்றில் வீடுகளைப் பொறுக்கி, வீட்டுக்குள் ஒருவரைக் கைக்கருவியின் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, அவரிடமே நேரில் கேட்கிறார்கள். இரண்டாம் சுற்றில் அப்படிப் பதில் சொன்னவர்கள் 74,037 பேர். வீட்டில் யார் கதவைத் திறந்தாரோ அவரிடமே எல்லாருக்குமாகக் கேட்டு எழுதிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். 1998-99-இல் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு அப்படித்தான் செய்தது; மகன் சிகரெட் குடிப்பதைத் தாய் அறிந்திருப்பாள், அறிந்தாலும் சொல்லுவாள் என்று நம்பிய முறை அது.

ஆனால் நல்ல முறையில் கேட்கப்பட்ட கேள்விதான் நல்ல கேள்வி என்பதில்லை. 38.7 சதவீதம் என்ற எண்ணின் அடியில் இருக்கும் கேள்வி, உங்கள் வீட்டுக்குள் யாராவது எவ்வளவு அடிக்கடி புகைக்கிறார்கள் என்பது. தினமும், வாரந்தோறும், மாதந்தோறும், அதற்கும் அரிதாக, ஒருபோதும் இல்லை என்று பதில்கள். இவற்றில் மாதத்துக்கு ஒரு முறையோ அதற்கு மேலோ என்றால் அந்த ஆள் புகைக்கு ஆளானவர். விருந்துக்கு வரும் மைத்துனர் மாதம் ஒரு முறை கூடத்தில் ஊதிவிட்டுப் போகும் வீடும், ஒற்றை அறையில் கணவர் தினமும் இரண்டு கட்டுப் பீடி குடிக்கும் வீடும் இந்த எண்ணுக்குள் ஒன்றுதான். கேள்வி வீட்டைப் பற்றியது, நுரையீரலைப் பற்றியதல்ல. கேட்கப்பட்டவர் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தாரா என்பதுகூட அதில் வராது. புகைப்பவர்களும் இந்தக் கணக்கில் சேர்கிறார்கள். ஊதுகிறவர் தன் வீட்டில் தானே ஊதினாலும், அடுத்தவர் புகைக்கு ஆளானவர் என்று எண்ணப்படுவார். புகைக்காதவர்களுக்குத் தனி எண் கணக்கிடப்படுகிறது, ஆனால் தலைப்புக்கு வருவது அதுவல்ல. பொது இடங்களுக்கான எண்களில் வேறொரு பொறி. உணவகங்களில் புகைக்கு ஆளானவர்கள் 7.4 சதவீதம் என்று படிப்பவர், நம் ஓட்டல்கள் பரவாயில்லையே என்று நிம்மதி அடைவார். அது அத்தனை வயதுவந்தோரையும் கீழே வைத்து வகுத்த எண். கேட்கப்பட்ட 30 நாளில் ஓட்டல் வாசலையே மிதிக்காதவர்களும் அதில் உண்டு. ஓட்டலுக்குப் போனவர்களை மட்டும் கொண்டு வகுத்தால் விடை கணிசமாக ஏறும். வேலையிட எண்ணுக்கு வெளியே நிற்பவர்கள் இன்னும் அதிகம். வயலில், சாலையோரக் கடையில், கட்டுமான இடத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. நெல்லையிலும் தென்காசியிலும் வேலூரிலும் வீட்டிலேயே உட்கார்ந்து நாளெல்லாம் புகையிலைத் தூளைச் சுவாசித்துப் பீடி சுற்றும் பெண்கள் இந்தக் கணக்கெடுப்பின் கண்ணுக்கு எந்தப் பாதிப்புக்கும் ஆளாகாதவர்கள், வீட்டில் யாரும் ஊதாத வரை.

மக்கள் உண்மையைச் சொல்வார்களா என்பது எப்போதும் வரும் ஆட்சேபம். அதில் வலு இருக்கிறது. 2015-16-இன் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, புகையிலை பயன்படுத்தும் பெண்கள் 6.8 சதவீதம் என்றது. ஓராண்டு கழித்து ‘கேட்ஸ்’ 14.2 சதவீதம் என்றது. இரண்டும் அரசுக் கணக்கெடுப்புகள், இரண்டும் வீட்டு வாசலில் நடந்தவை. முன்னதில் 49 வயதுக்கு மேல் யாரும் இல்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிமார் அங்கேயே விடுபடுகிறார்கள். பிள்ளைப்பேறு, தடுப்பூசி, ரத்தசோகை என்று நீளும் கேள்வித்தாளில் புகையிலை ஓர் ஓரம். பின்னதிலோ கைனி, குட்கா, மூக்குப்பொடி, பல்லில் தேய்க்கும் புகையிலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். வித்தியாசத்தின் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும் என்று நினைக்கிறேன். மிச்சம் வெட்கம். தென் கொரியாவில் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் வாய்மொழிப் பதிலோடு சிறுநீரில் கோட்டினினையும் அளந்தார்கள். நிக்கோட்டின் உடலுக்குள் சிதைந்து உருவாகும் பொருள் இது. இரண்டு மூன்று நாள் வரை காட்டிக்கொடுக்கும். புகைக்கும் பெண்கள் அவர்கள் வாயால் சொன்னதைப்போல இரு மடங்குக்கும் மேல் இருந்தார்கள். ஆகவே வாய்மொழி எண் உண்மையின் கீழ் எல்லை என்றே கொள்ள வேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் வழக்கமான சமாதானம், பொய் எல்லாச் சுற்றிலும் ஒரே அளவுதான், ஆகவே ஏற்ற இறக்கத்தை நம்பலாம் என்பது. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. புகையிலைக்கு எதிரான பிரச்சாரம் வெற்றி பெறப் பெற, ஊதுவதைச் சொல்லக் கூச்சமும் கூடும். பிரச்சாரத்தின் வெற்றியும் கூச்சத்தின் வளர்ச்சியும் அட்டவணையில் ஒரே மாதிரி இறக்கமாகத்தான் தெரியும். பிரித்தறிய வேண்டுமானால் பதில் சொல்பவர்களில் ஒரு சிறு பகுதியிடமாவது எச்சில் மாதிரி வாங்க வேண்டும். அமெரிக்கா 1988-இலிருந்து தன் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் புகைக்காதவர்களின் ரத்தத்திலேயே கோட்டினினை அளந்து வருகிறது. தொடக்கத்தில் அவர்களில் 88 சதவீதத்துக்கு அருகில் இருந்தவர்களின் ரத்தத்தில் அது இருந்தது. 2011-12-இல் சுமார் 25 சதவீதம். அதே சுற்றில் 3 முதல் 11 வயதுக் குழந்தைகளில் மட்டும் சுமார் 40 சதவீதம். பெரியவர்கள் அலுவலகத்திலும் உணவகத்திலும் சட்டத்தால் காக்கப்பட்டார்கள், குழந்தைகள் வீட்டிலும் காரிலும் மாட்டிக்கொண்டார்கள் என்று அங்கே எண்ணே பேசியது. இந்தியாவில் அதை அப்படியே எடுத்துச் செய்ய முடியாது; புகையிலையை மெல்பவரின் எச்சிலிலும் அதே கோட்டினின்தான் இருக்கும். புகைக்காதவர் அடுத்தவர் புகையால் பாதிக்கப்பட்டாரா, மத்தியானம் வாயில் அடக்கிய கைனியால் எண் ஏறியதா என்று ஆய்வகம் சொல்லாது. ஆனால் மெல்லாத, புகைக்காத பெண்களையும் சிறுவர்களையும் தனியே எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். செய்யவே முடியாது என்பது வேறு, கவனமாகச் செய்ய வேண்டும் என்பது வேறு.

சொல்லப்போனால் அடுத்தவர் புகை கொல்லும் என்று உலகம் அறிந்ததே வீட்டைக் கேட்டுத்தான். ஜப்பானின் தகேஷி ஹிரயாமா, 40 வயதுக்கு மேற்பட்ட, புகைக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்து, கணவர் அதிகம் புகைக்கப் புகைக்க மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுவதை 1981 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அவர் கையில் இருந்ததும் வாய்மொழிப் பதில்தான். புகையிலைத் தொழில் அவர்மேல் பாய்ந்தது. அந்த மனைவியரில் சிலர் ரகசியமாகப் புகைத்திருக்கலாம் என்பது விமர்சனங்களில் ஒன்று. பின்னால் வந்த ஆய்வுகள், கோட்டினின் அளந்தவை உட்பட, அவர் கண்ட திசையையே உறுதி செய்தன. 2006-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, அடுத்தவர் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் இல்லை என்றது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட புகைக்காதவர்கள் இதனால் சாகிறார்கள். குறையுள்ள கணக்கு, அளவைக் கொஞ்சம் தவறாகச் சொல்லலாம். ஆனால் கணக்கே இல்லாவிட்டால் அந்த மனைவியர் மரணப் பதிவேட்டில் காரணம் தெரியாதவர்களாகவே இருந்திருப்பார்கள்.

நம் மாநிலத்து எண்ணையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் கணக்கெடுப்பைப் படிக்கத் தெரியாததன் விலை அதில் தெரிகிறது. நாடு முழுவதும் குறைந்துகொண்டிருந்தபோது தமிழ்நாட்டில் புகையிலைப் பயன்பாடு 16.2 சதவீதத்திலிருந்து 20 ஆக ஏறியது. குட்காவுக்கு 2013 முதல் தடை இருக்கும் மாநிலம் இது. தடை தோற்றது என்று ஒரு தரப்பும், கணக்கே தப்பு என்று மறுதரப்பும் சொல்வதற்கு இந்த எண் இடம் கொடுக்கிறது. இரண்டுக்கும் அவசரம் வேண்டாம். 74,000 பேரை மாநிலங்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சில ஆயிரம் பேர். அவர்களும் கொத்துக் கொத்தாகச் சில ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஒரே ஊர்க்காரர்களின் பழக்கம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே மாநில எண் ஒவ்வொன்றும் மேலும் கீழும் இரண்டு மூன்று புள்ளி ஆடக்கூடியது. 3.8 புள்ளி ஏற்றம் அந்த ஆட்டத்தின் விளிம்பில் நிற்கிறது: ஒதுக்கித் தள்ளவும் முடியாது, முழுதாக நம்பவும் முடியாது. இரண்டே புள்ளிகளை வைத்துக் கோடு போட்டால் இந்தத் தவிப்பு தீராது. மூன்றாவது, நான்காவது சுற்று சீரான இடைவெளியில் வந்திருந்தால் அந்த ஏற்றம் நிஜமா, மாதிரியின் விளையாட்டா என்று எப்போதோ தெரிந்திருக்கும்.

தீங்கு என்று தெரிந்த பின் எண்ணிக்கொண்டிருப்பானேன், அந்தப் பணத்தை மருத்துவத்துக்குக் கொடுங்கள் என்பவர்கள் உண்டு. பணத்தின் மொழியிலேயே பதில் சொல்லலாம். 2016-17 கணக்கெடுப்பையும் தேசிய மாதிரி ஆய்வின் மருத்துவச் செலவுத் தரவையும் இணைத்து, அடுத்தவர் புகையால் மட்டும் இந்தியாவுக்கு ஆகும் மருத்துவச் செலவு ஆண்டுக்கு சுமார் 56,700 கோடி ரூபாய் என்று பொருளாதார அறிஞர் ரிஜோ ஜான் கணக்கிட்டார். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் இது சுமார் 8 சதவீதம். வரியை எவ்வளவு உயர்த்தலாம் என்ற விவாதத்தில் இந்த எண்ணுக்கு இருக்கும் கனம், புகை கெடுதி என்ற பொது உபதேசத்துக்கு இல்லை. புகையிலை வரி பற்றிய முடிவு பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் வருகிறது. கணக்கெடுப்போ முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே ஏழு ஆண்டு எடுத்துக்கொண்டது. அந்த ஏழாண்டும் பழைய எண்ணை வைத்தே பேசினோம். இரண்டாவது சுற்றின் கள வேலை 2016 ஆகஸ்டிலிருந்து 2017 பிப்ரவரி வரை நடந்தது, நடுவில் பணமதிப்பிழப்பு. சிகரெட்டுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று அந்த மாதங்களில் கேட்டதன் பலனை எண்ணிச் சிரிக்கத்தான் வேண்டும். 2019-இல் மின்சிகரெட்டைத் தடை செய்தோம். அதற்கு முந்தைய நிலவரமாக நம்மிடம் இருப்பது, அதைக் கேள்விப்பட்டவர்களே 3 சதவீதம்தான் என்ற 2016-17-இன் பதில்.

வெளிநாட்டுப் பணம் என்ற குற்றச்சாட்டும் அவ்வப்போது எழும். உலக அளவில் இந்தத் திட்டம் 2007-இல் தொடங்கியபோது ப்ளூம்பெர்க் அறக்கட்டளை பணம் கொடுத்தது உண்மை. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் கேள்விகளை வகுத்தன. ஆனால் கேள்வித்தாள் வெளிப்படையாக இருக்கிறது, தனித்தனிப் பதில்களும் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. சந்தேகப்படுகிறவர் உட்கார்ந்து மறுகணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தக் குற்றச்சாட்டில் உள்ள உண்மையான கவலை வேறு: வெளியார் ஆர்வம் வற்றினால் நம் கணக்கும் நின்றுபோகுமா என்பது. அதற்கு மருந்து, கணக்கெடுப்பைக் கைவிடுவதல்ல. சொந்தச் செலவில், சொந்தக் கால அட்டவணையில் எடுப்பது.

இந்தக் கணக்கெடுப்பில் இதுவரை சொன்னவற்றைவிடப் பெரிய விடுபடல் குழந்தைகள். 15 வயதுக்குக் கீழே ‘கேட்ஸ்’ கண் திறப்பதில்லை. எழுந்து வெளியே போகவோ, அணைத்துவிடுங்கள் என்று சொல்லவோ முடியாதவர்கள் அவர்கள்தான். பள்ளி மாணவர்களுக்குத் தனிக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்றால், 2019-இன் உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் 13 முதல் 15 வயது மாணவர்களில் வீட்டில் புகைக்கு ஆளானவர்கள் 11.2 சதவீதம்தான். பெரியவர்களுக்கு 38.7, பிள்ளைகளுக்கு 11.2. ஒரே நாட்டின் வீடுகள்தானே? ஒன்றில் மாதம் ஒரு முறை என்பது அளவுகோல், மற்றதில் கடந்த ஏழு நாள். ஒன்றில் பீடித் தொழிலாளி வீடும் உண்டு, மற்றதில் பள்ளிக்கு வந்த பிள்ளை மட்டுமே உண்டு. கைக்குழந்தையும் மூன்று வயதுப் பிள்ளையும் இரண்டிலும் இல்லை. இவ்வளவுக்கும் விடையின் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ‘கேட்ஸ்’ ஒவ்வொரு வீட்டிலும் மொத்தம் எத்தனை பேர், அதில் 15 வயதும் அதற்கு மேலும் எத்தனை பேர் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறது. கழித்தால் குழந்தைகளின் எண்ணிக்கை. அந்த வீட்டில் ஊதுகிறார்களா என்பதும் தெரியும். இந்த எளிய கழித்தலை வைத்து 2016-இல் ஆய்வாளர்கள் 21 நாடுகளில் சுமார் 50 கோடிக் குழந்தைகள் வீட்டில் புகைக்கு ஆளாகிறார்கள் என்று கண்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் இந்தியா உள்ளிட்ட ஐந்து ஆசிய நாடுகளில் இருந்தார்கள். நம் கணக்கெடுப்பின் உண்மைத்தாளில் அந்தக் கழித்தலுக்கு ஒரு வரி ஒதுக்க எந்தச் செலவும் இல்லை.

அடுத்த பெரிய சுற்று எப்போது வந்தாலும் வரட்டும், அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பிற கணக்கெடுப்புகளில் சேர்த்துக்கொள்ளவென்றே உலக சுகாதார நிறுவனம் ‘கேட்ஸ்’ கேள்விகளைச் சுருக்கி 22 கேள்விகளாகக் கொடுத்திருக்கிறது. அவற்றில் மூன்று நான்கு போதும். நம் தொழிலாளர் கணக்கெடுப்பு ஆண்டு முழுவதும் வீடுகளுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, யார் எங்கே என்ன வேலை செய்கிறார் என்பதையும் விரிவாகக் கேட்கிறது. வேலையிடத்தில் கடந்த 30 நாளில் யாராவது புகைத்தார்களா என்ற ஒரு கேள்வியை அங்கே சேர்த்தால், 30 சதவீதத்தில் உறைந்து நிற்கும் அந்த எண்ணை ஜவுளி, போக்குவரத்து, உணவகம், அரசு அலுவலகம் என்று பிரித்துப் பார்க்க முடியும். 200 ரூபாய் ரசீதுப் புத்தகத்தோடு எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும். ஒரே நிபந்தனை: அங்கே பெரும்பாலும் வீட்டுக்கு ஒருவரே எல்லாருக்குமாகப் பதில் சொல்கிறார். இந்தக் கேள்வியை மட்டும் வேலைக்குப் போகிறவரிடமே கேட்க வேண்டும். அவர் வீடு திரும்பிய பின் களப்பணியாளர் இன்னொரு முறை வர நேர்ந்தாலும்.